குடையும் மீனும்

பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி, புதன்கிழமை காலை, தொழிற்பேட்டைக்குப் பின்னாலிருக்கும் குழந்தைகள் காப்பகத்தின் மாடி அறையில் குடையும் மீனும் இடம் மாறின.

மாற்றியவள் அந்த அறையைக் கவனித்துக்கொள்ளும் பெண். கீழே கைக்குழந்தைகள், மேலே மூன்று வயதுக்காரர்கள் என்று பிரித்திருந்ததால் எல்லோருக்கும் அவள் மாடி அக்கா. மூன்று வயதுப் பிள்ளைக்கு எழுத்து தெரியாது. ஆனால் தன் சாமான் எது என்று தெரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துப் பிள்ளையின் துண்டில் மூக்கைச் சிந்திவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் வந்து நிற்கும். அதனால் அங்கே சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் நாளே ஒரு படம் கொடுத்துவிடுவார்கள். குடை, மீன், வாளி, சாவி, இலை, படகு. பை மாட்டும் கொக்கியில் அந்தப் படம். துண்டில், குவளையில், மேசை விரிப்பில், மெத்தையின் ஓரத்தில் அதே படம். பிள்ளைகள் சீக்கிரம் பழகிவிடுவார்கள். வேலை செய்கிறவர்கள் அதைவிடச் சீக்கிரம் பழகிவிடுவார்கள். 'சாவி இன்னும் தூங்கலை', 'படகுக்கு மூக்கு ஒழுகுது', 'வாளியோட அப்பா வந்துட்டார்' என்றுதான் அங்கே பேச்சு. பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவோடு சரி.

நிர்வாகி மேடம் இந்த விஷயத்தில் கறாரானவர். ஆரம்பத்தில் சிங்கமும் கிரீடமும்கூட இருந்தனவாம். சிங்கம் கிடைத்த பையன் ஒரே வாரத்தில் மூன்று பேரைக் கடித்து வைத்தான். கிரீடத்துக்காக இரண்டு அம்மாக்கள் வாசலில் தலைமுடியைப் பிடித்துக்கொள்ளாத குறை. அன்றோடு இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டார். "ஆளை அடையாளம் காட்டுற சின்னம் வேற, ஆளை உசத்திக் காட்டுற சின்னம் வேற. நமக்கு முதல் வகை போதும்" என்பது அவர் கட்சி. அப்படியும் சண்டைக்கு வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். "என் பையனுக்கு வாளியா? அவன் என்ன ஊருக்குத் தண்ணி சுமக்கவா பொறந்திருக்கான்?" என்று ஒரு தகப்பன் கேட்டார். "சுமந்தா நல்லதுதானே சார், எங்க தெருவுக்கும் வரச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார் நிர்வாகி.

குடைப் பையனுக்கு அப்படி ஒரு பிரச்சினையும் இல்லை. போன வாரம் வரைக்கும். போன வாரம் மழையில் அவன் அப்பாவின் கைக்குடையைக் காற்று புரட்டிப் பிடுங்கிக்கொண்டு போக, அப்பா அதைத் துரத்திக்கொண்டு நடுரோட்டுக்கு ஓடியிருக்கிறார். ஒரு லாரி கீச்சென்று நின்றிருக்கிறது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து பையன் தன் கொக்கிக்குக் கிட்டவே வரமாட்டேன் என்று நின்றான். பையை மாட்ட மாட்டான். அந்தக் குவளையில் தண்ணீர் குடிக்க மாட்டான். மெத்தையில் படுக்காமல் வெறுந்தரையில் சுருண்டு கிடந்தான்.

மீன் ஒரு சிறுமி. அவளுக்குச் சேர்ந்த நாளிலிருந்தே குடைமேல் ஒரு கண்.

பிள்ளைகள் இரண்டு பேரும் சம்மதித்தபின் வேறு யாரைக் கேட்க வேண்டும் என்றுதான் மாடி அக்காவுக்குத் தோன்றியது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பையனின் காதில், "அழாம வா, நாளைக்கு நீ மீன்" என்று சொல்லி அனுப்பினாள். புதன்கிழமை காலையில் ஒட்டுப்படங்களைப் பிய்த்து மாற்றி ஒட்டினாள். கொக்கி, துண்டு, குவளை, விரிப்பு, மெத்தை. பையன் ஓடி வந்து மீனுக்கு அடியில் பையை மாட்டிவிட்டு, கொக்கியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சிரித்தான். பல நாள் அழுகை ஒரு காலையில் தீர்ந்ததில் அவளுக்கும் ஒரே குஷி.

இன்னும் இரண்டு இடம் பாக்கி. ஒன்று கதவுக்குப் பின்னால் தொங்கும் மருந்துப் பை. இன்னொன்று சமையலறை.

குடைப் பையனுக்கு முட்டை ஆகாது. ஆகாது என்றால் வயிறு உப்புசம் அல்ல, தொண்டை அடைத்துக்கொள்ளும். அதற்காகப் பேனா மாதிரி ஒரு ஊசி, குடைப் படம் போட்ட துணிப் பையில் எப்போதும் இருந்தது. சமையலறைப் பலகையில் எல்லாப் படங்களும் வரிசையாக இருக்கும். அதில் குடைக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சிவப்பு முக்கோணம். சமையல்காரர் பட்டாளத்துப் பக்கமே போனதில்லை என்றாலும் தட்டுகளை அணிவகுப்பு மாதிரி அடுக்குவதால் அவருக்கு மிலிட்டரி என்று பெயர். ஒவ்வொரு தட்டுக்கும் படம் வரைந்த மூடி. முக்கோணம் உள்ள படத்துக்குத் தனிச் சாப்பாடு போட்டு, மூடியைக் கவிழ்த்து, மேலே அனுப்பிவிடுவார். பிள்ளைகளின் முகம் அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இதுவரை வரவில்லை.

மாடி அக்கா சொல்லத்தான் கீழே போனாள். மிலிட்டரி அப்போது கேஸ் சிலிண்டர்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு நிமிஷம்..."

"ஏம்மா, பார்த்தா தெரியலையா? இவன் ஒழுகற சிலிண்டரை என் தலையில கட்டப் பார்க்கறான். ஒண்ணு நான் போகணும், இல்லை இவன் போகணும்."

"அப்புறம் சொல்றேண்ணே."

அந்த அப்புறம் வரவில்லை. அன்று அவளுக்கு அரைநாள் விடுப்பு, லைசென்ஸ் டெஸ்ட். காப்பகம் வேன் வாங்கியிருந்தது, ஓட்டத் தெரிந்தவர்களுக்கு அந்த வேலை என்று பேச்சு. ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவள். "இந்தத் தடவையும் போச்சுன்னா உனக்கு மூணு சக்கர சைக்கிள்தான்" என்று வீட்டுக்காரர் காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார். அவளுக்குப் பதிலாக மாடிக்கு வர வேண்டிய பெண் தாமதமாக வந்தாள். கைக்குழந்தைகள் அறையில் புதிதாகச் சேர்ந்தவள், தலைமுடியால் சுருட்டை என்று பெயர் வாங்கியவள். "முகம் ஒண்ணும் தெரியாதேக்கா" என்றாள். "முகம் எதுக்கு? விரிப்புல படம், மூடியில படம். சேர்த்து வை, முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே மாடி அக்கா செருப்பை மாட்டினாள். பஸ் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

தேர்வு அறையில் கைபேசிகளை வாசலிலேயே ஒரு தட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். முதலில் சாலைக் குறிகள், பிறகு வண்டி. நீளமான பெஞ்சு, முன்னால் ஒரு திரை. மாடி அக்காவுக்கு உட்கார முடியவில்லை. முழங்கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர், "பெஞ்சு நடுங்குதும்மா, நான் எழுதறது எனக்கே புரியாது" என்றார். காலை இழுத்துக்கொண்டாள். மறு கால் ஆட ஆரம்பித்தது. எதையோ அடுப்பில் வைத்துவிட்டு வந்ததுபோல் இருந்தது. டெஸ்ட் பயம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

அதிகாரி தடித்த குரலில் ஒருமுறை விளக்கினார். "போன தடவை பாதிப் பேர் இதுலதான் கோட்டை விட்டீங்க. உள்ள இருக்கற படத்தைப் பார்த்து மயங்காதீங்க. முதல்ல வெளி வடிவத்தைப் பாருங்க. வட்டம்னா உத்தரவு. மீறினா அபராதம். சதுரம்னா தகவல். ஆஸ்பத்திரி, பெட்ரோல் பங்க், அவ்வளவுதான். முக்கோணம்னா எச்சரிக்கை. ஏதோ ஒண்ணு வரப்போகுது, பார்த்துப் போங்கன்னு அர்த்தம். ஒரு விஷயம். அந்த முக்கோணம் எதைப் பத்திச் சொல்லுதோ அதுகிட்ட நட்டிருக்கணும். வளைவு இங்க இருக்கு, பலகை அடுத்த தெருவுல இருக்குன்னா அது எச்சரிக்கை இல்லை. பழைய இரும்பு."

இரண்டு பேர் சிரித்தார்கள். திரையில் முதல் கேள்வி வந்தது. சிவப்பு முக்கோணம். உள்ளே ஓடும் இரண்டு பிள்ளைகள்.

மாடி அக்காவின் கால் நின்றுவிட்டது.

சமையலறைப் பலகையில் முக்கோணம் குடையோடுதான் ஒட்டியிருக்கிறது. பையனோடு இல்லை. பையன் மீன் விரிப்பின் முன்னால் உட்காருவான். மீன் மூடி போட்ட தட்டில் முட்டை. புதன்கிழமை முட்டை நாள். உருளைக்கிழங்கோடு சேர்த்து மசித்துப் போடுவார்கள், பார்த்தால் தெரியாது. அவள் அங்கே இருந்தால் மூடியைப் பார்க்காமலே தட்டை நகர்த்தி வைத்திருப்பாள். அவள் இங்கே பெஞ்சில் இருந்தாள்.

எழுந்தாள்.

"உட்காரும்மா. வெளிய போனா திரும்ப உள்ள வர முடியாது" என்றார் அதிகாரி.

"போறேன் சார்."

"பதில் தெரியலைன்னா சும்மா ஏதாவது டிக் பண்ணு, ஓடறியே."

அவள் வாசலில் இருந்தாள். தட்டில் ஒரே மாதிரி கறுப்புக் கைபேசிகள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றாகப் புரட்டி அவளுடையதை எடுத்தாள். காப்பக எண்ணை அழுத்தினாள். பிஸி. மறுபடி. பிஸி. காப்பகத்தில் வேலை நேரத்தில் யாரும் கைபேசி வைத்துக்கொள்ளக் கூடாது. எல்லாம் அலமாரியில் பூட்டப்பட்டிருக்கும். அலுவலக மேசையில் இருக்கும் அந்த ஒரு கம்பியில்லாப் போன்தான்.

வெளியே டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் தன் காரில் சாய்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தார். கூரையில் சிவப்பு எல் பலகை.

"அதுக்குள்ளயா? பாஸா?"

"மாஸ்டர், காப்பகத்துக்குப் போகணும். ஒரு பிள்ளை சாப்பிடக் கூடாததைச் சாப்பிடப் போகுது."

மாஸ்டர் வாயாடி, ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் கடலைப் பொட்டலத்தைக் கீழே போட்டார். "வண்டியில ஏறு. நீயே ஓட்டு. போனை என்கிட்ட குடு, ரெண்டையும் ஒரே ஆளு செய்ய முடியாது."

அவள் ஓட்டினாள், ஓட்டிக்கொண்டே குடையும் மீனும் மாறின கதையைச் சொன்னாள். எல் பலகையைக் கண்டால் ஊரில் இரண்டு விதமான ஆட்கள்: விலகிப் போகிறவர்கள், பின்னாலிருந்து ஹாரன் அடித்தே கொல்கிறவர்கள். அன்று விலகினவர்கள் ஒருவரும் இல்லை. சிக்னலில் சிவப்பு. அவள் ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டே இருந்தாள். குறுக்குத் தெருவில் போனால் பாதித் தூரம் மிச்சம். தெருமுனையில் நுழையக் கூடாது என்ற வட்டம். உள்ளே எதிரில் தண்ணீர் லாரி வந்துகொண்டிருந்தது. சுற்றிக்கொண்டே போனாள்.

"ரிங் போகுது" என்றார் மாஸ்டர். "ஹலோ, காப்பகமா? இங்க பாருங்கம்மா, அவசரம். குடை மீனாயிடுச்சு. மீன் குடையாயிடுச்சு. மீனுக்குப் போடாதீங்க... ஹலோ? ஹலோ?"

"என்ன சொன்னாங்க?"

"'தேர்தலுக்கு இன்னும் நாள் இருக்கு, எங்க ஓட்டு யாருக்குன்னு எங்களுக்குத் தெரியும்'னு வெச்சுட்டாங்க."

"ஐயோ மாஸ்டர்! ஸ்பீக்கர்ல போடுங்க. நான் பேசறேன்."

இரண்டாவது முறை அலுவலகப் பெண் எடுத்ததுமே மாடி அக்கா கத்தினாள்: "நான்தான்டி! மேல ஓடு. போனை எடுத்துக்கிட்டு ஓடு. பசங்க சாப்பிட்டாச்சா?"

"தட்டு இப்பத்தான் மேல போச்சு... சாப்பாட்டு மணி அடிச்சாச்சு... ஏன்க்கா?"

"ஓடுன்னா ஓடு!"

படிகளில் செருப்புச் சத்தம். மூச்சு. பிறகு பிள்ளைகளின் கூச்சல், கரண்டிகள் தட்டில் மோதும் ஓசை, அதற்கு நடுவில் சுருட்டையின் குரல்.

"அக்கா, நல்லவேளை கூப்பிட்டீங்க. மீனுக்கு என்னமோ பண்ணுது. எறும்பு கடிச்சுதோ என்னவோ, உதடு வீங்குது. இருமிக்கிட்டே இருக்கான். மீன் பையில மருந்து இருக்கான்னு தேடினேன், மீனுக்குப் பையே இல்லை."

"மீனுக்கு இல்லை. குடைப் பை. கதவுக்குப் பின்னாடி. பேனா மாதிரி ஒரு ஊசி இருக்கும்."

"குடைக்கு ஒண்ணும் இல்லைக்கா, நல்லா சாப்பிடறா. ஊசின்னதும் அழுவாளே."

"அவளுக்கு இல்லடி! மீனுக்கு! குடைதான் மீன்!"

"எனக்கு ஒண்ணும் புரியலைக்கா..." சுருட்டையின் குரல் உடைந்தது. "யாருக்குப் போடணும்? தப்பா போட்டுட்டா?"

மாடி அக்கா பையனின் பெயரைச் சொன்னாள். வீட்டில் வைத்த பெயர். அதை உரக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. சுருட்டைக்கு அந்தப் பெயரில் ஒரு பிள்ளை இருப்பதே தெரியாது.

"யாருக்கா அது?"

முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. மாடி அக்கா பிரேக்கை மிதித்தாள். மாஸ்டரின் கை தானாக டாஷ்போர்டுக்குப் போனது.

"கேளு" என்றாள் அவள். குரலைத் தாழ்த்தினாள், கத்தினால் அந்தப் பெண் அழுதுவிடுவாள். "படத்தை விடு. குடையும் இல்லை, மீனும் இல்லை. உதடு வீங்கின பையன் யாரு, உன் கண்ணு முன்னாடி இருக்கானா?"

"இருக்கான்."

"அவனுக்குத்தான். மேடத்தைக் கூப்பிடு. அவங்களுக்கு ஊசி போடத் தெரியும். பை எந்தப் படமா இருந்தாலும் இந்தப் பையனுக்குத்தான்."

போன் எங்கேயோ விழுந்தது. யாரோ "மேடம்!" என்று கூவினார்கள். பிள்ளை ஒன்று அழ ஆரம்பிக்க, தொடர்ந்து அறை முழுவதும் அழுதது. அந்த அழுகைக்குள் ஒருவனுடைய இருமலைத் தேடிக்கொண்டே மாடி அக்கா வண்டியை ஓட்டினாள். கேட்கிற மாதிரியும் இருந்தது, கேட்காத மாதிரியும் இருந்தது. மாஸ்டர் கைபேசியைத் தன் காதுக்கும் அவள் காதுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் நிர்வாகியின் குரல். "போட்டாச்சு. தொடையில. ஆம்புலன்ஸ் வருது. நீ இங்க வராதே, நேரா ஆஸ்பத்திரிக்குப் போ. அவன் அம்மாவுக்கு நான் சொல்லிட்டேன்."

"மூச்சு விடறானா மேடம்?"

"விடறான். சத்தமா விடறான்."

அடுத்த வளைவில் ஆஸ்பத்திரிக்கு வழி காட்டும் நீலச் சதுரம் நின்றது. திரும்பினாள்.

அவசரப் பிரிவு வாசலில் வண்டியை நிறுத்தினாள். மாஸ்டர் இறங்கி வந்து கதவைத் திறந்துவிட்டு, "பிரேக் மிதிச்சது நல்லா இருந்தது" என்றார்.

உள்ளே நடைபாதை நெடுகச் சுவரில் படங்கள்: சிகரெட்டுக்குக் குறுக்கே கோடு, உதட்டில் விரல் வைத்த முகம், மஞ்சள் நிறத்தில் மூன்று இதழ் விரிந்த கதிர்வீச்சுக் குறி. மாடி அக்கா ஒவ்வொன்றின் அடியிலும் நின்று நின்று நடந்தாள். உட்காரவில்லை. ஆம்புலன்ஸ் வந்துவிட்டிருந்தது, பையனைத் திரைக்கு அந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். நிர்வாகி திரைக்கு வெளியே சுவரோடு சுவராக நின்றிருந்தார். கையில் இன்னும் அந்தத் துணிப் பை.

"மேடம், நான்..."

"இப்ப வேண்டாம்."

"அவன் அழுதான் மேடம். கொக்கிகிட்டயே வரமாட்டேன்னான்."

"மாத்தினதைத் தப்புன்னு நான் சொல்லலை. கேட்டிருந்தா நானே மாத்தியிருப்பேன். ஏழு இடத்துல இருந்த பிள்ளையை நீ அஞ்சு இடத்துல மாத்திட்டு பஸ் ஏறிட்டே. ரெண்டு இடத்துல அவன் பழைய ஆளாவே இருந்தான்." நிர்வாகி பையைக் கைக்குள் சுருட்டினார். "மிலிட்டரி அங்க தலையில அடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். அவர் போட்ட தட்டு எல்லாமே சரி. அதைச் சொன்னா இன்னும் அழறார்."

பையனின் அம்மா துணி ஆலையில் இஸ்திரிப் பிரிவில் வேலை செய்கிறவள். அங்கிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். மார்பில் ஆலையின் முத்திரை போட்ட ஏப்ரனைக் கழற்றவும் மறந்திருந்தாள். திரைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். யாரையும் திட்டவில்லை. அதுதான் மாடி அக்காவால் தாங்க முடியாமல் இருந்தது.

"யார் மாத்தினது?" என்று கேட்டாள்.

"நான்தாங்க."

அம்மா அவள் பக்கம் திரும்பினாள். "நேத்து தூங்கப்போறப்ப சொன்னான். 'அம்மா, நாளைக்கு நான் மீனாயிடுவேன்'னு. சரிடா, நீந்திக்கிட்டே போன்னு சொல்லிச் சிரிச்சேன். கதை சொல்றான்னு நினைச்சேன். அவன் விஷயம் சொல்லியிருக்கான்."

திரைக்குப் பின்னால் பையன் இருமினான். பிறகு தண்ணீர் கேட்டான். இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள். அம்மா உள்ளே போனாள். மாடி அக்கா வெளியே நின்றாள்.

கொஞ்சம் கழித்து டாக்டர் வந்தார். இளவயதுப் பெண். ஊசி சரியான நேரத்தில் போடப்பட்டது என்றார். வீக்கம் இறங்கிக்கொண்டிருக்கிறது, ஆனால் மறுபடி வரக்கூடும், அதனால் ஒரு ராத்திரி இங்கேயே இருக்கட்டும் என்றார். "யாராவது ஒருத்தர்தான் கூட இருக்கலாம். மத்தவங்க கிளம்பலாம்." நிர்வாகி கிளம்பினார். மாடி அக்கா வாசல் வரை போய், திரும்பி, நடைபாதையின் கோடி வரை நடந்து, மறுபடி வாசலுக்கு வந்தாள். காவலாளி, "உள்ளேயா வெளியேயா, முடிவு பண்ணும்மா, கதவு தேயுது" என்றார். அவள் வெளியே போய்ப் படிக்கட்டில் நின்றாள்.

பையன் மறுநாள் காலை வீட்டுக்குப் போனான். அவனுடைய பெற்றோர் அவனை மறுபடி அந்தக் காப்பகத்துக்கு அனுப்பவில்லை. மாடி அக்காவை இரண்டு வாரம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். திரும்பி வந்ததும் கீழே, கைக்குழந்தைகள் அறைக்கு மாற்றினார்கள்.